பாலத்தடிக் கிளையின் இருபது நொடி

அந்த மாடியில் அவளுக்கு நொடிக்காரி என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். ஆனால் பெயர் பொருத்தமானதுதான். வாகனப் பதிவுத் துறையின் தலைமை அலுவலகத்தில், மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் யாருக்கு எத்தனை நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இலக்கு வைப்பது அவள் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுடைய அக்காவே அப்படிக் கேட்டிருக்கிறாள், அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்த அநியாயம் புரியாது. ஓடுகிற வண்டிகள் எல்லாவற்றின் பதிவும், ஓட்டுகிறவர்கள் எல்லோருடைய உரிமமும் அந்த ஒரே மெஷினில்தான் இருந்தன. கிளைகளில் கவுன்டர்க்காரர்கள் வண்டி எண்ணை அடித்து என்டர் தட்டுவார்கள். அதே நேரத்தில் போலீஸ்காரர்கள் திருட்டு வண்டியைத் தேடுவார்கள், மேலதிகாரிகள் அறிக்கை கேட்பார்கள், பின்னால் எங்கேயோ நினைவூட்டல் கடிதங்கள் அச்சாகிக்கொண்டிருக்கும். மெஷின் ஒன்று, அவசரம் எல்லோருக்கும். அது திணறுகிற நேரத்தில் யாரை முதலில் கவனிப்பது? அதற்காக ஆட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஓர் இலக்கும், ஒன்றுதான் உச்சம் என்று, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு முக்கியத்துவ எண்ணும் கொடுத்துவிடுவார்கள். இலக்கு தவறுகிற வகுப்புக்கு மெஷின் தானாகவே மற்றவர்கள் பங்கிலிருந்து பிடுங்கிக் கொடுக்கும். ஐந்துக்கும் கீழே கடைசி வகுப்பு என்று ஒன்று உண்டு. அதற்கு இலக்கே கிடையாது. எல்லோரும் தின்றது போக மிச்சம் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடக்க வேண்டியதுதான். கடிதம் அச்சடிக்கிற வேலைகளை அதில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

கவுன்டர் வகுப்புக்கு இலக்கு வைத்தபோது நொடிக்காரி நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைக் கற்பனை செய்யவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு கிளை கிளையாகப் போனாள். திரையைப் பார்க்காமல் கவுன்டர்க்காரர்களின் கையைப் பார்த்தாள். இரண்டு நொடி வரைக்கும் விரல்கள் கீபோர்டு மேலேயே இருக்கும். அதைத் தாண்டினால் கை மடிக்கு இறங்கிவிடும். இன்னும் நீண்டால் கண் கடிகாரத்துக்குப் போகும், பிறகு வாய் பக்கத்துக் கவுன்டருக்குப் போகும், திரும்பி வரும்போது எதை எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதனால் ஒரு நொடி என்று முடிவு செய்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு பதில்கள் ஒரு நொடிக்குள் வர வேண்டும், முக்கியத்துவ எண் ஒன்று. சராசரியில் இலக்கு வைத்தால் சுலபமாக இருக்குமே என்று ஒருவர் சொன்னபோது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எட்டு பேருக்குக் கால் நொடி, மிச்ச ரெண்டு பேருக்கு மூணரை நொடின்னாலும் சராசரி ஒரு நொடிக்கு உள்ளதான் இருக்கும். அந்த ரெண்டு பேருக்கு நீங்க போய் பதில் சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

எண்கள் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று தெரிந்தவள்தான். மனிதர்கள் விஷயத்தில்தான் ஏமாளியாக இருந்தாள்.

அவள் முடிவு செய்கிற இலக்குகளை மெஷினுக்குள் ஏற்றுவது பக்கத்து நாற்காலிக்காரர். மாடி முழுக்க அவரை அண்ணன் என்றே கூப்பிட்டது. அவர் இவளைத் தங்கச்சி என்பார். மெஷினுக்குள் நுழைய ஆளாளுக்குக் கொடுத்திருக்கிற ஐடிகளில் எது எந்த வகுப்பு என்கிற விதிகளும் அவர் கையில்தான். அந்த விதிகளைத் திறந்து பார்க்க அவளுக்கும் அனுமதி இருந்தது. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அண்ணன் போட்டால் போட்டதுதான். ஐந்து வருஷமாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவளுடைய வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு, "நீ போட்ட மாதிரியே போட்டு வெச்சிருக்கேன், பயப்படாம தூங்கு" என்று போன் செய்வார். வீட்டில் நடக்கிற சண்டை எல்லாம் அவர் காதுக்குத்தான் போகும். முக்கியமாக அக்காவைப் பற்றிய சண்டைகள்.

அக்கா பாலத்தடிக் கிளையில் இருந்தாள். ரயில் பாலத்துக்குக் கீழே, வண்டி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற ஒரு கட்டிடம். அவளுக்கு உரிமை மாற்றும் கவுன்டர். பழைய வண்டியை ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கினால் அங்கேதான் வர வேண்டும். மற்ற கவுன்டர்களில் ஒரு ஆளுக்கு இரண்டு திரை பார்த்தால் முடிந்துவிடும், அக்காவுக்கு ஏழெட்டுத் திரை மாற வேண்டும். பதினெட்டு வருஷம் அதே நாற்காலி.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருவரும் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே பழக்கம். அக்கா போர்வையின் இரண்டு முனையைப் பிடிப்பாள், தங்கை மற்ற இரண்டையும் பிடிப்பாள், பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடக்கும்.

"உன் மெஷின் செத்துப் போச்சுடி" என்றாள் அக்கா.

"ஆரம்பிச்சிட்டியா?"

"நெஜமா சொல்றேன். மூணு வாரமா என்டர் தட்டுனா அப்படியே நிக்குது. ஜனங்க என்னைத்தான் திட்டுறாங்க. நேத்து ஒருத்தர் கண்ணாடியத் தட்டி, தூங்குறியாமான்னு கேக்குறாரு."

"கவுன்டர் வகுப்பு எல்லாம் பச்சையா இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு ஒரு நொடிக்குள்ள வருது. காலையிலதான் பார்த்தேன்."

"பச்சையோ சிவப்போ, எனக்கு வர்றதில்ல."

"நீ நாலு திரையத் திறந்து போட்டுட்டு எதுல இருக்கோம்னு தெரியாம முழிப்ப."

அக்கா போர்வையைச் சட்டென்று விட்டுவிட்டாள். பாதிப் போர்வை தரையில் விழுந்தது. "பதினெட்டு வருஷமா அடிக்கிறேன். எனக்குத் தெரியாதா? நீயே வந்து பாரு."

போனாள். அதையும் முறையாகத்தான் செய்தாள். கூட்டம் நெரிகிற முற்பகலில் போனாள், சும்மா இருக்கிற நேரத்தில் சோதித்தால் சோதனையே இல்லை என்று. கவுன்டர்க்காரர் ஐடியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று துறையில் விதி. அதனால் அக்கா தன் ஐடியிலிருந்து வெளியேறி எழுந்து நிற்க, நொடிக்காரி அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் சொந்த ஐடியில் நுழைந்தாள். வண்டி எண் அடித்தாள், என்டர் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது. மறுபடியும் அடித்தாள். அரை நொடி. ஏழெட்டுத் திரையும் சரசரவென்று மாறின. கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்ற ஜனம் வேடிக்கை பார்த்தது. கிளை மேற்பார்வையாளர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "இப்போ எப்படி வருது? இரு, நான் உட்கார்ந்து காட்டுறேன். நில்லு."

"பார்த்துட்டேன்ல? போதும்க்கா."

"ஒரே ஒரு தடவை. என் ஐடில. நின்னு பாரு."

"எல்லாரும் பார்க்குறாங்க. என் மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு நொடிக்காரி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து, கொதிப்பு அடங்காமல், நடந்ததை எல்லாம் அண்ணனிடம் கொட்டினாள்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கி வந்து கொடுத்தார். "விடு தங்கச்சி, வயசாகுதுல்ல உங்க அக்காவுக்கு" என்றார்.

அதற்கு அடுத்த மாதம்தான் கூட்டம். பாலத்தடியில் வரிசை தெரு வரைக்கும் நிற்கிறது என்று மேலே புகார் போய்விட்டது. நீளமான மேஜை, தலைமாட்டில் இயக்குநர், ஒரு பக்கம் கிளைக்காரர்கள், இன்னொரு பக்கம் மெஷின்காரர்கள். இயக்குநர் சுற்றி வளைக்காமல் கேட்டார். கோளாறு மெஷினிலா, ஆட்களிலா? மெஷினில் என்றால் மெஷினைச் சரி செய்ய வேண்டும். ஆட்களில் என்றால் மெதுவான கையை அங்கிருந்து எடுத்துவிட்டு வேகமான கையைப் போட வேண்டும். எடுக்கிற கையைப் பழைய கோப்புக் கிடங்குக்கு அனுப்புவார்கள். கிடங்கு என்றால் தூசி. அக்காவுக்கு இளைப்பு உண்டு, போர்வையை உதறினாலே மூச்சு வாங்குகிறவள். கிளை மேற்பார்வையாளர் எந்தக் கை மெதுவான கை என்பதையும் சொல்லிவிட்டார்.

எல்லோரும் நொடிக்காரியைப் பார்த்தார்கள்.

அந்த மெதுவான கை நொடிக்காரியின் அக்காவுடையது என்று அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். அக்காவுக்காகப் பூசி மெழுகினால் நாளைக்கு அவள் சொல்கிற எந்த எண்ணையும் யாரும் மதிக்க மாட்டார்கள். அதை விட, அவள் கண்ணாலேயே பார்த்தது. "மெஷின் ஒரு நொடிக்குள்ள பதில் சொல்லுது" என்றாள். "நானே அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்தேன். நெரிசல் நேரத்துல பார்த்தேன்."

பக்கத்தில் அண்ணன் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்ததும் அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் தள்ளி வைத்தார். என்ன மனுஷன் என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் குமட்டும்.

அக்கா கிடங்குக்குப் போனாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்பது மேற்பார்வையாளர் வாயிலிருந்தே அவள் காதுக்குப் போனது. சண்டை போடுவாள், வீடு தேடி வந்து கத்துவாள் என்று நொடிக்காரி எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. போன் செய்தால் அக்காவின் கணவர்தான் எடுப்பார். "அவ படுத்திருக்கா" என்பார். பின்னால் இருமல் கேட்கும். நொடிக்காரி மனசைத் தேற்றிக்கொண்டாள். உண்மையைச் சொன்னோம், வேறென்ன செய்ய முடியும்? இதையும் அண்ணனிடம்தான் சொன்னாள். "நீ நேர்மையா நடந்துகிட்ட, அதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார் அண்ணன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மாலை அலுவலக வாசலில் சீருடையோடு நின்றார்.

"லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு பாலத்தடிக்குப் போயிருந்தேன்" என்றார். "உங்க அக்கா இடத்துல ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. விரலு என்ன வேகம்னு நெனைக்கிற, கண்ணால பார்க்க முடியல."

"நல்லதுதானே மாமா."

"வரிசை அப்பவும் தெரு வரைக்கும் நிக்குது. அந்தப் பொண்ணு அடிச்சிட்டு அடிச்சிட்டுக் கையக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கா. சும்மா உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற வார்த்தை நொடிக்காரியைக் குடைந்தது. விரல் கீபோர்டை விட்டு இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை நேராகப் பாலத்தடிக்குப் போனாள். அந்தப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நொடிக்காரி முந்தைய நாள்தான் தன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள், படபடப்பில் பழையதையே அடித்தாள். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை ஐடி பூட்டிக்கொண்டது. பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டால், திறந்துவிடக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள்.

"எங்க கிளைப் பயிற்சி ஐடி ஒண்ணு இருக்கு மேடம், அதுல பாருங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

நொடிக்காரி பயிற்சி ஐடியில் நுழைந்தாள். வண்டி எண்ணை அடித்து என்டர் தட்டினாள்.

திரை அப்படியே நின்றது.

காத்திருந்தாள். விரல்கள் தாமாகவே மடிக்கு இறங்கின. தலைக்கு மேல் ரயில் போனது, கண்ணாடி நடுங்கி அடங்கியது. வரிசையில் முதலில் நின்ற பெரியவர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஸ்டாப்வாட்சில் இருபது ஆனபோது திரை வந்தது. மறுபடியும் அடித்தாள். பத்தொன்பது. மறுபடியும். இருபத்தொன்று.

போன் அடித்தது. ஐடி திறந்தாயிற்று. வெளியேறி, தன் ஐடியில் நுழைந்து, அதே நாற்காலி, அதே கீபோர்டு, அதே வண்டி எண், என்டர் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது.

கிளை மொத்தமும் கடைசி வகுப்பில் கிடக்கிறது. கடிதம் அச்சடிக்கிற வேலைகளோடு அக்காவைப் போட்டிருக்கிறார்கள். மற்ற கவுன்டர்களில் இரண்டே திரை என்பதால் வரிசை அங்கே அவ்வளவாகத் தேங்கவில்லை, அக்காவின் ஏழெட்டுத் திரையில்தான் தேங்கியிருக்கிறது. கவுன்டர் வகுப்பில் இந்தக் கிளையே இல்லாததால்தான் அந்த வகுப்பு அவ்வளவு பச்சையாக இருந்திருக்கிறது. இது எல்லாம் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. தன் ஐடி மட்டும் எதற்காக எல்லோருக்கும் மேலே இருக்கிறது என்பதை மனசு ஏற்கத்தான் நேரமானது. அவள் எங்கே போய் உட்கார்ந்தாலும் மெஷின் ஓடி வந்து சேவகம் செய்யும்படி யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த யாரோ யார் என்று தேட வேண்டியதில்லை. அந்த விதிகளை எழுதுகிற கை ஒன்றுதான்.

அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, என் ஐடி எந்த வகுப்புல இருக்கு?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மேல இருக்கு. போலீஸ்காரங்களுக்கும் மேல." கொஞ்சம் இழுத்துச் சொன்னார். "ஞாபகம் இருக்கா, அந்த வருஷக் கடைசி அறிக்கை? திரை நகரவே மாட்டேங்குது, இன்னைக்கு முடிக்கலன்னா அவ்ளோதான்னு அழுதியே. அன்னைக்குப் போட்டேன். உனக்காகத்தான் தங்கச்சி போட்டேன்."

"அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன் எடுக்கல?"

"மொதல்ல மறந்துட்டேன். சத்தியமா."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்திருந்தா நீ கண்டுபிடிச்சிருப்ப."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே போனார். மெஷின் பத்தவில்லை. புது மெஷின் இப்போதைக்குக் கிடையாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். இலக்கு ஒன்றும் தவறாமல் ஒரு வருஷம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஓட்டிக் காட்டினால் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்கு. எங்கேயாவது ஒரு இடத்தில் கை வைத்தே ஆக வேண்டியிருந்தது.

"அதுக்குப் பாலத்தடிதான் கெடச்சுதா? அங்க எங்க அக்கா இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது? அவ கையால சாப்பிட்டிருக்கீங்களே!"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்" என்றார் அண்ணன். அவருக்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்க வேண்டும், மேஜையைப் பார்த்துச் சொன்னார். "வேற எந்தக் கிளையில கை வெச்சாலும், ஒரு புகார் வந்தா நீ ஸ்டாப்வாட்ச தூக்கிட்டுப் போய் நாள் பூரா உட்கார்ந்துடுவ. உங்க அக்காவுக்கு வாயத் தொறந்தா புலம்பல், எதுலயும் ஒரு குறைன்னு நீதானே சொல்லுவ? அங்கேருந்து வந்தா மட்டும் நீ காதுல வாங்க மாட்டன்னு தெரியும். போனாலும் சண்டை போட்டுட்டு வந்துடுவன்னு தெரியும்."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். கத்தியைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று தெரியும்போது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். ஐந்து வருஷம் சாப்பாட்டு மேஜையில் அக்காவைப் பற்றி அவள் கொட்டிய எரிச்சலை எல்லாம் இந்த மனுஷன் பத்திரமாகச் சேர்த்து வைத்துக் கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவள் வாயாலேயே அக்காவைக் கிடங்குக்கு அனுப்ப வைத்துவிட்டு, தண்ணீர் வேறு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். இயக்குநருக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் மூடி மறைக்கவும் வழியில்லை. பாலத்தடியைக் கவுன்டர் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவளுடைய ஐடியை எடுத்து, அவள் கேட்டுக்கொண்டபடி, கடைசி வகுப்பில் போட்டார்கள். பாலத்தடி திரும்பி வந்த அன்றே கவுன்டர் வகுப்பு சிவப்பானது. நூற்றுக்கு எழுபதுகூடத் தேறவில்லை. புது மெஷின் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. அண்ணனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. வேறு மாடிக்கு மாற்றினார்கள், இதை விட நல்ல ஜன்னல் பக்கமாக. அக்கா மறுபடியும் கவுன்டருக்கு வரலாம் என்று உத்தரவு மட்டும் நொடிக்காரி கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள்.

அந்த உத்தரவோடு அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் மாமா பார்த்துவிட்டு, மேலே இருக்கிறாள் என்று கண்ணால் காட்டினார். மொட்டை மாடியில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் படியிலேயே கேட்டது.

நொடிக்காரி ஒன்று விடாமல் சொன்னாள். தன் ஐடி, கடைசி வகுப்பு, அண்ணன் சொன்னது, தண்ணீர் ஊற்றியது, எல்லாம். சொல்லச் சொல்ல அழுதாள். "கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன்க்கா. அஞ்சு வருஷம். என் கண்ணுல மண்ணத் தூவிட்டான். நான் எங்க போய்ப் பார்த்தாலும் எனக்கு மட்டும் வேகமா வர்ற மாதிரி வெச்சிருந்தான். நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், சொல்லு?"

அக்கா துணிகளைக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டாள். உத்தரவை வாங்கிப் படித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. திங்கட்கிழமை போறேன்" என்றாள்.

நொடிக்காரிக்கு உயிர் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அக்கா. "அன்னைக்கு நீ அடிச்சுப் பார்த்து முடிச்சதும் நான் என்ன சொன்னேன்?"

நொடிக்காரி விழித்தாள். "நான் உட்கார்ந்து காட்டுறேன்னு சொன்ன."

"அப்புறம்?"

"நில்லுன்னு சொன்ன."

"நீ நின்னிருந்தா எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?"

அவளுக்குத் தெரியாத கணக்கா அது? ஆனாலும் வாயிலிருந்து வர நேரமானது. "இருபது நொடி."

"இருபது நொடி" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "அவன் யாரோ. அவனுக்கு ஒரு நாற்காலி வேணும், பண்ணான். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் எத்தனை நொடி காத்திருக்கலாம்னு நீதான் முடிவு பண்ற. கூடப் பொறந்தவ நில்லுன்னா, இருபது நொடி நிக்கல நீ."

அக்கா கொடியிலிருந்து போர்வையை உருவினாள். பழக்கதோஷத்தில் நொடிக்காரி கையை நீட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அக்கா போர்வையைத் தன் பக்கமே இழுத்து, ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே, தனியாக மடிக்க ஆரம்பித்தாள்.